நல்ல சர்வாதிகாரி இருக்க முடியுமா?

கேள்வி இதுதான்: ஓட்டுக்காக யாரிடமும் குனிய வேண்டாத, கை சுத்தமான, திறமையான ஒருவரிடம் இருபது வருடம் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் நாடு உருப்படாதா? சிங்கப்பூர் அப்படித்தானே முன்னுக்கு வந்தது?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல மனதுள்ள சர்வாதிகாரி இருக்க முடியும், இருந்திருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் மக்களின் வாழ்க்கை நிஜமாகவே உயர்ந்ததும் உண்டு. ஆனால் அந்த நன்மையை அவருடைய நல்ல மனது மட்டும் தாங்கி நிற்பதில்லை. “இது தப்பாகப் போகிறது” என்று அவரிடம் சொன்னவர் பத்திரமாக வீடு திரும்புகிற வரைக்கும்தான் அது நிற்கிறது. சர்வாதிகாரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற ஒவ்வொரு வேலையும் அந்த வழியைத்தான் அடைக்கிறது. அதனால் ‘நல்ல சர்வாதிகாரம்’ என்பதை ஓர் ஆட்சிமுறை என்று நான் ஏற்பதில்லை. சில ஆட்சிகளில் சில காலம் நீடித்த ஒரு கட்டம், அவ்வளவுதான்.

எல்லோரும் முதலில் எடுக்கும் உதாரணம் என்பதால் சிங்கப்பூரிலேயே தொடங்கலாம். லீ குவான் யூ 1959 முதல் 1990 வரை பிரதமர். 1960-இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குடிசைகளிலும் நெரிசலான கடைவீடுகளிலும் இருந்தவர்களை அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுவந்தது. லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952-லேயே பிரிட்டிஷார் உருவாக்கியது. 1960-இல் வந்த சட்டம் அதன் அதிகாரத்தைக் கூட்டியது. 1986-இல் பதவியில் இருந்த அமைச்சர் மீதே அந்தப் பிரிவு விசாரணை நடத்தியது. இதெல்லாம் உண்மை, சாதாரண சாதனையும் இல்லை.

கொடுத்த விலையும் உண்மை. எதிர்க்கட்சியைச் சேர்ந்த சியா தை போ 1966-இல் கைதாகி, குற்றச்சாட்டோ வழக்கு விசாரணையோ இல்லாமல் 23 வருடம் காவலில் இருந்தார். 1989-இல் வெளியே விட்ட பிறகும் கட்டுப்பாடுகள் முழுதாக நீங்க 1998 ஆனது. ‘அனைவருக்கும் நல்ல ஆட்சி’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த 23 வருடத்தை எந்தப் பக்கத்தில் எழுதுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

ஆனால் சிங்கப்பூரிலிருந்து கற்க வேண்டிய முக்கியமான பாடம் 1984-இல் இருக்கிறது. படித்த பெண்கள் குழந்தை பெறுவது குறைகிறது, அதனால் அடுத்த தலைமுறையின் தரம் குறையும் என்று லீ 1983-இல் பேசினார். அடுத்த வருடம் அது கொள்கையானது. மூன்று குழந்தை பெற்ற பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. இன்னொரு பக்கம், அதிகம் படிக்காத, வருமானம் குறைந்த இளம் தாய்மார் ஒன்றிரண்டு குழந்தைகளோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 சிங்கப்பூர் டாலர். கெட்ட எண்ணத்தில் வந்த திட்டமல்ல. நாட்டின் எதிர்காலத்தை நினைத்து, புத்திசாலி ஒருவர், தான் சரி என்று உறுதியாக நம்பிச் செய்தது. மக்கள் கொதித்தார்கள். சலுகை கிடைக்கவிருந்த பட்டதாரிப் பெண்களிலேயே பலர் எதிர்த்தார்கள். 1984 டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் ஓட்டு 77.7 சதவீதத்திலிருந்து 64.8-க்கு இறங்கியது. 79 இடங்களில் எதிர்க்கட்சிகளுக்குப் போனது இரண்டே இரண்டு. ஆட்சிக்கு ஆபத்தே இல்லை. இருந்தாலும் 1985-இல் பள்ளிச் சலுகையைக் கைவிட்டார்கள்.

அங்கே தப்பைத் திருத்தியது எது? தலைவரின் ஞானம் இல்லை. அவர்தான் அந்தத் திட்டத்தின் தந்தை. திருத்தியது, கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் மிச்சமிருந்த தேர்தல். எதிர்க்கட்சியை நெருக்கினார்கள், பத்திரிகையை அடக்கினார்கள். ஆனால் போட்ட ஓட்டை நேர்மையாக எண்ணினார்கள். 64.8 என்ற எண் பொய்யில்லாமல் தலைவரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. சிங்கப்பூர் நன்றாக நடந்ததற்கு அதன் சர்வாதிகாரக் குணத்தைக் காரணம் காட்டுகிறவர்கள், அதில் சர்வாதிகாரம் இல்லாத பகுதி செய்த வேலையையும் சேர்த்து அதன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இப்போது அந்த எண் வந்து சேராத ஒரு நாட்டைப் பாருங்கள். 1958-இல் சீனா ‘பெரும் பாய்ச்சல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. விவசாயிகளைப் பட்டினி போடத் தீட்டிய திட்டமல்ல அது. சில வருடங்களில் தொழில் நாடாகிவிட வேண்டும் என்ற வேகம். எவ்வளவு விளைச்சல் காட்டுகிறாய் என்பதுதான் விசுவாசத்தின் அளவுகோல் என்று ஆனதும், பக்கத்து வட்டாரம் சொன்னதைவிடக் கூடுதலாகச் சொல்ல ஒவ்வொரு அதிகாரியும் போட்டி போட்டார். அந்த வருட தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள். பிறகு ஒப்புக்கொண்ட அளவு சுமார் 20 கோடி.

ஏட்டில் இருந்த இந்தப் பொய் எப்படி ஆளைக் கொன்றது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு கிராமத்தில் விளைந்தது 100 மூட்டை. மேலே எழுதி அனுப்பியது 190. விளைச்சலில் 30 சதவீதம் அரசுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைக் கணக்கில் 30 மூட்டை போயிருக்கும், 70 மிஞ்சியிருக்கும். பொய்க் கணக்கில் 57 மூட்டை போகிறது, மிச்சம் 43. அதில் விதைக்கு எடுத்தது போக மிஞ்சுவதை வைத்து அடுத்த அறுவடை வரை ஊர் சாப்பிட வேண்டும். “இல்லை” என்றால் ‘ஒளித்து வைத்திருக்கிறாய்’ என்று அடி. மேலே இருப்பவருக்கோ களஞ்சியம் நிரம்பி வழிவதாகத்தான் ஏடு சொல்கிறது. அதனால் 1959-இல் 40 லட்சம் டன்னுக்கு மேல் தானியத்தை ஏற்றுமதியும் செய்தார்கள்.

சொல்ல ஒருவர் இருந்தார் என்பதுதான் இதில் கொடுமை. பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், சீனாவின் தலைவர் மாவோவோடு பல வருடம் போர்க்களத்தில் இருந்தவர். கிராமங்களை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். லூஷான் மலையில் கட்சித் தலைவர்கள் கூடியிருந்தபோது, 1959 ஜூலை 14 அன்று மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுதினார். சாதனைகளைப் பாராட்டிவிட்டு, மிகைக் கணக்குகளையும் அவசரத்தையும் பணிவாகவே குறை சொன்ன கடிதம். மாவோ அதை அச்சடித்துக் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். 23-ஆம் தேதி எழுந்து தாக்கிப் பேசினார். செப்டம்பரில் பெங்கின் பதவி போனது. அதோடு ‘வலதுசாரிகளை’ ஒழிக்கும் வேட்டை நாடு முழுக்க நடந்தது. அதுவரை நிலைமையைத் தணிக்க முயன்றுகொண்டிருந்த உள்ளூர் அதிகாரிகளும் வாயை மூடிக்கொண்டார்கள். பஞ்சத்தின் மிக மோசமான வருடமான 1960 அதற்குப் பிறகு வந்தது. செத்தவர்கள் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் 1.5 கோடி முதல் 4.5 கோடி வரை பலவிதமாகக் கணிக்கிறார்கள்.

பெங்குக்கு நடந்ததைப் பார்த்த எந்த அதிகாரி அடுத்த கடிதத்தை எழுதுவார்? இந்த ஒரு கேள்விதான் சர்வாதிகாரத்தின் அடிப்படைக் கோளாறு. தலைவர் நல்லவராக இருந்தாலும் இது மாறாது. ‘குறைகளைத் தைரியமாகச் சொல்லுங்கள்’ என்று அவர் மனதாரக் கேட்டாலும், பதவி உயர்வும் உயிரும் அவர் கையில் இருக்கும்போது கேட்கிறவன் காதில் அது பொறியாகத்தான் விழும். ஒற்றர் படை வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஒற்றனுக்கும் அதே முதலாளிதான். அவனும் அவர் விரும்புவதை எழுதவே பழகுகிறான். ஆராய்ச்சி மணி கட்டித் தொங்கவிட்ட அரசனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பசு வந்து இழுத்ததும் மணி அடித்தது என்று பெருமைப்படுகிறோம். இழுத்தவரை மறுநாள் யார் காப்பாற்றுவது, கயிற்றை ஒருவர் அறுத்துவிட்டால் அரசனுக்கு யார் சொல்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் கதையில் பதில் இல்லை.

இந்தக் கோளாறை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் லூயிஸ் மார்டினெஸ், செயற்கைக்கோள் படங்களில் தெரியும் இரவு வெளிச்சத்தையும் அரசுகள் அறிவித்த வளர்ச்சியையும் ஒப்பிட்டார். வெளிச்சத்தைப் பொய்யாக எழுத முடியாது. சர்வாதிகார நாடுகள் தங்கள் ஆண்டு வளர்ச்சியைச் சுமார் 35 சதவீதம் ஊதிச் சொல்வதாக அவர் கணக்கு காட்டியது. ஆக, ‘அங்கே பாருங்கள், எப்படி வளர்கிறது’ என்று நாம் காட்டும் எண்ணே பாதி நேரம் அந்த ஆட்சி தானே எழுதிக்கொண்ட மதிப்பெண்.

ருவாண்டாவையும் இங்கே சொல்ல வேண்டும். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு பிணக்காடாகக் கிடந்த நாட்டில் ஒழுங்கு வந்தது, மருத்துவக் காப்பீடு கிராமம் வரை போனது, குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது. குறைத்துச் சொல்ல முடியாத நன்மை. ஆனால் 2024 அதிபர் தேர்தலில், நாட்டை ஆளும் பால் ககாமே பெற்ற ஓட்டு 99 சதவீதத்துக்கு மேல். லீயின் 64.8-ஐ இதன் பக்கத்தில் வையுங்கள். 64.8-இல் ஒரு செய்தி இருந்தது. 99-ஐ வைத்துக்கொண்டு எந்தத் திட்டம் மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று ககாமேயால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் சில சர்வாதிகாரிகள் ஏன் நாட்டை வளர்க்கிறார்கள்? மான்சர் ஓல்சன் என்ற பொருளாதார அறிஞர் இதற்குத் தந்த விளக்கம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. ஊர் ஊராகப் போகும் கொள்ளைக்காரன் கிடைத்ததை எல்லாம் வழித்துக்கொண்டு போவான். ஒரே ஊரில் தங்கிவிட்ட கொள்ளைக்காரன் அப்படிச் செய்ய மாட்டான். அடுத்த வருடமும் விளைந்தால்தானே அவனுக்குப் பங்கு? அதனால் வரியை அளவோடு வாங்குவான், சாலை போடுவான், மற்ற திருடர்களை விரட்டுவான். ஊருக்கு நிஜமாகவே நல்லது நடக்கும். இதற்குக் கருணை தேவையில்லை, நீண்ட காலம் இருப்போம் என்ற நம்பிக்கை போதும். அந்த நம்பிக்கை ஆடிய அன்று கணக்கு தலைகீழாகும். சதி வருமோ, படை கவிழ்க்குமோ என்ற பயம் வந்ததும் அதே ஆள் வழித்தெடுக்கத் தொடங்குவான். 1965 முதல் 1997 வரை காங்கோவை ஆண்ட மொபுட்டு, படை தனக்கு எதிராகத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே அதைத் துண்டு துண்டாக்கிப் பலவீனமாக வைத்திருந்தார். கிளர்ச்சிப் படை வந்தபோது அது ஓடிப்போனது.

இறங்கவும் முடியாது. புலி வாலைப் பிடித்தவன் கதைதான்: வருடம் ஏற ஏற எதிரிகளும் சிறையில் வைத்தவர்களும் அதிகமாகிறார்கள், வாலை விட்டால் சிறை, நாடு கடத்தல் அல்லது சாவு. ‘பத்து வருடத்தில் நாட்டைச் சீர்படுத்திவிட்டு விலகிவிடுவேன்’ என்று மனதாரச் சொல்லி வந்தவர்கள்கூட முப்பது வருடம் உட்கார்ந்திருப்பதற்கு ஆசையைவிட இந்தப் பயமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

வாரிசுப் பிரச்சினையில் ரோமைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. கி.பி. 96 முதல் 180 வரை நெர்வா, டிராஜன், ஹாட்ரியன், அன்டோனினஸ் பயஸ், மார்கஸ் ஆரேலியஸ் என்று வரிசையாக ஐந்து தேர்ந்த ஆட்சியாளர்கள். 84 வருடம். எப்படி முடிந்தது? முதல் நால்வருக்கும் உயிரோடு மகன் இல்லை. அதனால் தகுதியானவரைப் பார்த்துத் தத்தெடுத்து அடுத்த பேரரசராக்கினார்கள். மார்கஸ் ஆரேலியஸுக்கு மகன் இருந்தான். தத்துவவாதியான அந்தப் பேரரசர்கூடத் தன் மகன் கொம்மோடஸைத் தாண்டி யோசிக்கவில்லை. 192-இல் கொம்மோடஸ் கொல்லப்பட்டான்; அடுத்த வருடம் ஐந்து பேர் அரியணைக்கு உரிமை கொண்டாடினார்கள். அந்தப் பொற்காலத்தைத் தாங்கி நின்றது எந்த விதியுமில்லை, நான்கு பேருக்கு மகன் இல்லாமல் போன தற்செயல்.

தனி உதாரணங்களை விட்டுவிட்டு மொத்தமாகப் பார்த்தாலும் படம் இதுதான். பதவியில் இருக்கும்போதே நோயிலோ விபத்திலோ இறந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் இறந்ததும் நாட்டின் வளர்ச்சி மாறியதா என்று பெஞ்சமின் ஜோன்ஸ், பெஞ்சமின் ஓல்கன் இருவரும் ஆராய்ந்தார்கள். சர்வாதிகார நாடுகளில் பெரிய மாற்றம், கூடவோ குறையவோ. ஜனநாயக நாடுகளில் அப்படித் தெரியவில்லை. அதாவது சர்வாதிகாரம் ஒரு சீட்டாட்டம்: லீயும் விழலாம், மொபுட்டுவும் விழலாம். வென்ற சீட்டை மட்டும் எடுத்துக் காட்டி ‘ஆடிப் பாருங்கள்’ என்பது நேர்மையான வாதமாகாது. சராசரியை எடுத்தால்? பொருளாதார அறிஞர் டாரன் அசெமோக்லுவும் வேறு மூவரும் 1960 முதல் 2010 வரையான தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், ஜனநாயகத்துக்கு மாறிய நாட்டில் 25 வருடத்தில் தலைக்குரிய உற்பத்தி, மாறாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல்.

தலைவர் நிஜமாகவே நல்லவர், அறிவாளி, அவசரம் மட்டும்தான் குறை என்றால்? ஆஸ்திரியாவின் இரண்டாம் ஜோசப் அப்படிப்பட்டவர். 1781-இல் பண்ணையடிமை முறையைத் தளர்த்தினார், மதச் சகிப்பாணை பிறப்பித்தார். யாரையும் கலந்தாலோசிக்காமல் ஆணை மேல் ஆணை போட்டார். 1784-இல் ஹங்கேரிக்கு ஜெர்மனை ஆட்சிமொழியாக்கினார். எதிர்ப்பு கலகமாக முற்றியது. 1790 ஜனவரியில், மரணப் படுக்கையில், ஹங்கேரியில் தான் போட்ட ஆணைகளில் பெரும்பாலானவற்றைத் தானே திரும்பப் பெற்றார். அடுத்த மாதம் இறந்தார். மக்கள் தம்முடையது என்று நினைக்காத சீர்திருத்தத்துக்கு, ஆணையிட்டவரின் ஆயுள்தான் ஆயுள்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் எனக்குக் கனமாகவே படுகிறது. உள்நாட்டுப் போரில் சிதறிய நாட்டில், போலீஸும் நீதிமன்றமும் இல்லாத இடத்தில், முதலில் யாராவது துப்பாக்கிகளை அடக்க வேண்டும். அங்கே ஒழுங்கே பெரிய நன்மை. இதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குத் தேவை காலவரையற்ற அதிகாரம் இல்லை, காலம் குறித்த அதிகாரம். பழைய ரோமானியக் குடியரசு இதைக் கண்டுபிடித்திருந்தது: ஆபத்து வந்தால் ஒரு சர்வாதிகாரியை நியமிப்பார்கள், அவர் தன்னைத் தானே நியமித்துக்கொள்ள முடியாது, அதிகபட்சம் ஆறு மாதம். கி.மு. 82-இல் தளபதி சுல்லா காலவரம்பில்லாமல் அந்தப் பதவியை எடுத்தார். பின்னால் அவரே விலகினாலும் வேலி உடைந்துவிட்டது. கி.மு. 44-இல் சீசர் ஆயுட்கால சர்வாதிகாரி ஆனார். குடியரசு அதோடு மீளவில்லை.

இன்றைய சட்டங்களில் இதை நன்றாகக் கட்டியிருப்பது தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு, பிரிவு 37. நெருக்கடி நிலை 21 நாளுக்கு மேல் போக வேண்டுமானால் நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். ஒரு நீட்டிப்பு மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. முதல் நீட்டிப்புக்குச் சாதாரணப் பெரும்பான்மை, அடுத்தடுத்தவற்றுக்கு 60 சதவீதம். நாள் ஆக ஆக நீட்டிப்பது கடினமாகிறது, அறிவிப்பு செல்லுமா என்று நீதிமன்றமும் கேட்கலாம். இந்தியாவின் 1975–77 நெருக்கடிநிலையில் இந்தப் பூட்டுகள் இல்லை. ஆள்கொணர்வு மனுக்கூடச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரலில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. பத்திரிகைத் தணிக்கையின் மறைவில் 1976–77-இல் மட்டும் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவைகள் இலக்கு வைத்து நடத்தப்பட்டன. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமையை நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது என்ற திருத்தம் 1978-இல்தான் வந்தது.

ஆகவே யாராவது ஒரு நாட்டைக் காட்டி ‘அங்கே ஒரு நல்ல சர்வாதிகாரி இருக்கிறார்’ என்றால், அவர் எத்தனை பாலம் கட்டினார் என்று பார்க்காதீர்கள். அவர் கடைசியாகப் பின்வாங்கிய பெரிய முடிவு எது, பின்வாங்க வைத்தது யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தப்பே செய்யாதவர் என்று அர்த்தமில்லை; தப்பு அவரை எட்டவில்லை. சாவையும் வேலையின்மையையும் அரசைத் தவிர வேறு யாராவது எண்ணி வெளியிட முடிகிறதா? கைதானவர் எத்தனை மணி நேரத்தில் நீதிபதி முன் நிற்கிறார்? தலைமைத் தணிக்கையாளர் பாதகமான அறிக்கை கொடுத்த மறுவருடமும் அதே நாற்காலியில் இருக்கிறாரா? இவற்றையெல்லாம்விட நான் அதிகம் நம்புவது ஒரு சோதனையை: முன்னாள் ஆட்சியாளர் ஒருவர் அதே நாட்டில், தன் சொந்த வீட்டில், பயமில்லாமல் வாழ்கிறாரா?

துருக்கியில் அது ஒருமுறை நடந்தது. ஒற்றைக் கட்சி ஆட்சியின் தலைவராக 1938 முதல் அதிபராக இருந்த இஸ்மெட் இனோனு, மற்ற கட்சிகளுக்கு இடம் விட்டு, ஓட்டுகளை நேர்மையாக எண்ண வைத்து, 1950 மே 14 தேர்தலில் தோற்றார். படை அவர் பேச்சைக் கேட்கும் நிலைதான். அவர் அதைக் கூப்பிடவில்லை. மாளிகையைக் காலி செய்துவிட்டு, தன் கட்சிக்கு மிஞ்சிய சில டஜன் உறுப்பினர்களோடு, பன்னிரண்டு வருடம் தன் சொல்லே சட்டமாக இருந்த அதே நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராகப் போய் உட்கார்ந்தார்.